கண்காணிப்புக் கட்டுப்படுத்தியில் அனலாக் உள்ளீடுகளை அமைத்தல்

தொழிற்சாலைக் கண்காணிப்புக் கட்டுப்படுத்தி என்பது நீர்மட்டம், அழுத்தம், வெப்பநிலை போன்று தொடர்ந்து மாறும் அளவுகளை மின்சைகையாகப் பெற்று, எண்ணாக மாற்றி, வரம்பு மீறும்போது எச்சரிக்கும் கருவி. இப்பணிக்குப் பெரும்பாலும் பிஎல்சி எனப்படும் நிரல்படுத்தக்கூடிய தருக்கக் கட்டுப்படுத்தி பயன்படுகிறது. அதன் அடிப்படை அலகில் அனலாக் உள்ளீடுகள் சிலவே இருக்கும். தேவை கூடும்போது பக்கத்தில் விரிவாக்க மாட்யூல்களைச் சேர்க்கலாம். உணரி, மாட்யூல், நிரல் ஆகிய மூன்றும் ஒரு சைகைக்கு ஒரே பொருள் கொள்ளும்படி செய்வதே அமைத்தலின் சாரம். மூன்றில் ஒன்று பிசகினாலும் திரையில் எண் வந்துகொண்டுதான் இருக்கும். அந்த எண் பொய்யாக இருக்கும். சீமென்ஸ் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எஸ்7-1200 வரிசையை இக்கட்டுரை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

விரிவாக்கம்

இவ்வரிசையின் சிபியு 1214சி அலகில் 0–10 வோல்ட் ஏற்கும் இரண்டு அனலாக் உள்ளீடுகள் உள்ளன. முகப்பில் ஒரு சிறு சைகைப் பலகையும், வலப்பக்கத்தில் எட்டு மாட்யூல்கள் வரையும் பொருத்தலாம். சிபியு 1212சி இரண்டு மாட்யூல்களை மட்டுமே ஏற்கும். 1211சி எதையும் ஏற்காது. எனவே பின்னாளில் எத்தனை அளவுகள் சேரக்கூடும் என்பதை அலகை வாங்கும்போதே கணக்கிட வேண்டும்.

எஸ்எம் 1231 அனலாக் மாட்யூல் நான்கு அல்லது எட்டு உள்ளீடுகளுடன் கிடைக்கிறது. பிடி100 போன்ற மின்தடை வெப்ப உணரிகளுக்கும் தெர்மோகப்பிளுக்கும் தனி மாட்யூல்கள் உண்டு. டிஐஏ போர்ட்டல் மென்பொருளில் மாட்யூல்களைப் பேனலில் உள்ள அதே வரிசையில் அடுக்க வேண்டும். அந்த இடத்தைப் பொறுத்தே முகவரி அமைகிறது: சிபியுவின் உள்ளீடுகள் ஐடபிள்யூ64இலும், முதல் மாட்யூல் ஐடபிள்யூ96இலும், இரண்டாவது ஐடபிள்யூ112இலும் இயல்பாகத் தொடங்கும்.

மின்வழங்கல் கணக்கு

மாட்யூலுக்கு இடம் இருந்தால் மட்டும் போதாது. எட்டு உள்ளீட்டு எஸ்எம் 1231 ஒவ்வொன்றும் 24 வோல்ட் வழங்கலிலிருந்து சுமார் 45 மில்லி ஆம்பியர் எடுக்கும். 1214சி தன் உணரி முனையில் தருவது 400 மில்லி ஆம்பியர். எட்டு மாட்யூல்களே 360ஐ எடுத்துவிட்டால், மிஞ்சுவது, உணரியின் அளவை மின்சைகையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர்கள் இரண்டுக்கு மட்டுமே போதும். ஆகவே உணரிகளுக்குத் தனி 24 வோல்ட் பவர் சப்ளை வைப்பது நல்லது. அதைச் சிபியுவின் உணரி வழங்கலுடன் இணையாகக் கோக்கக் கூடாது.

சைகை வகை

தொழிற்சாலைகளில் மிகப் பரவலான சைகை 4–20 மில்லி ஆம்பியர். நீண்ட கேபிளின் மின்தடை மின்னழுத்தச் சைகையைக் குறைக்கக்கூடும். மின்னோட்டம் சுற்று முழுவதும் மாறாமல் இருக்கும். தொடக்கப் புள்ளி 4 ஆக இருப்பதால், தொட்டி காலியாக இருப்பதும் கம்பி அறுந்திருப்பதும் தனித்தனியே தெரியும்.

எஸ்எம் 1231இல் மின்னழுத்தமா மின்னோட்டமா என்பதை இரண்டிரண்டு உள்ளீடுகளாகச் சேர்த்தே தேர்ந்தெடுக்க முடியும். எனவே ஒரே வகை உணரிகளை அடுத்தடுத்த முனைகளில் இணைப்பது முறை. பயன்படாத மின்னழுத்த உள்ளீட்டின் இரு முனைகளையும் ஒன்றோடொன்று இணைத்துவிட வேண்டும்; மின்னோட்ட உள்ளீடு என்றால் கம்பி அறுந்த எச்சரிக்கையை அணைத்துவிட வேண்டும்.

எண்ணாக மாறும் விதம்

மின்னோட்டச் சைகையின் முழு வீச்சையும் மாட்யூல் 0 முதல் 27648 வரையான எண்ணாகத் தருகிறது. 0–6 மீட்டர் அளக்கும் நீர்மட்ட டிரான்ஸ்மிட்டரை எடுத்துக்கொள்வோம். 4 மில்லி ஆம்பியருக்கு 0, 12க்கு 13824, 20க்கு 27648. நிரலில் நார்ம்_எக்ஸ் கட்டளை இதை 0–1 விகிதமாகவும், ஸ்கேல்_எக்ஸ் கட்டளை அதை மீட்டராகவும் மாற்றும். வெப்பநிலை மாட்யூல்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அவை நேராகப் பாகையில் பத்தில் ஒரு பங்காகத் தரும். 253 என்றால் 25.3 டிகிரி செல்சியஸ்.

இங்கே அடிக்கடி நேரும் தவறு, 4–20 டிரான்ஸ்மிட்டரை இணைத்துவிட்டு மாட்யூலை 0–20 என்று விட்டுவிடுவது. அப்போது காலியான தொட்டிக்கு 5530 வரும், திரை 1.2 மீட்டர் தண்ணீர் இருப்பதாகக் காட்டும். பாதித் தொட்டி 3.6 மீட்டராகத் தெரியும். நிறைந்த தொட்டிக்கோ சரியாக 6 மீட்டர் வரும். நிறைந்த நிலையில் மட்டும் சோதித்தவர் இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. தண்ணீர் இல்லாமல் பம்பு ஓடி எரிவது இப்படித்தான்.

பிழையைக் கண்டறிதல்

மின்னோட்டம் 1.185 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனால் மாட்யூல் கம்பி அறுந்ததாகக் கொள்ளும். அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. நாமுர் அமைப்பின் என்இ 43 பரிந்துரையைப் பின்பற்றும் டிரான்ஸ்மிட்டர் தன் உட்கோளாறை 3.6 அல்லது அதற்குக் குறைந்த மின்னோட்டத்தாலோ, 21 அல்லது அதற்கு மிகுந்த மின்னோட்டத்தாலோ தெரிவிக்கும். 3.6 என்பது மாட்யூலின் எச்சரிக்கை எல்லைக்கு மேலே இருப்பதால், அது வெறும் -691 என்ற எண்ணாக நிரலுக்கு வந்து சேரும். ஆகவே -691க்கோ அதற்குக் கீழோ, 29376க்கோ அதற்கு மேலோ வரும் மதிப்பைக் கோளாறு என நிரலே அறிவிக்க வேண்டும். வீச்சை மிஞ்சிய நிலையைக் குறிக்கும் 32767ஐ அப்படியே கணக்கிட்டால், 6 மீட்டர் தொட்டியில் 7.11 மீட்டர் தண்ணீர் தெரியும்.

இரைச்சலும் தாமதமும்

மின்கட்டமைப்பின் அதிர்வெண் உணரிக் கம்பிகளில் இரைச்சலாகப் புகும். இந்தியாவிலும் இலங்கையிலும் இரைச்சல் நீக்கத்தை 50 ஹெர்ட்ஸில் வைக்க வேண்டும். மாட்யூல் அப்போது ஒரு முழு அலையின் நேரமான 20 மில்லி விநாடிக்குச் சராசரி எடுப்பதால், ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். சீராக்கலை வலுவாக வைத்தால் 32 மாதிரிகளின் சராசரி கிடைக்கும். மெதுவாக மாறும் நீர்மட்டத்துக்கு இது பொருந்தும். சட்டென்று உயரும் அழுத்தத்துக்குப் பொருந்தாது, ஆபத்து தாமதமாகவே தெரியவரும்.

சரிபார்ப்பு

டிரான்ஸ்மிட்டர் இருக்கும் முனையில், விரும்பிய மின்னோட்டத்தைச் செலுத்தும் சோதனைக் கருவியான லூப் கேலிபிரேட்டரை இணைத்து 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் செலுத்த வேண்டும். 0, 6912, 13824, 20736, 27648 ஆகிய எண்கள் ஒட்டி வர வேண்டும். பிறகு 3.6, 21 ஆகியவற்றைச் செலுத்தியும், கம்பியைக் கழற்றியும் அலாரம் எழுகிறதா என்று பார்க்க வேண்டும். இச்சோதனை கேபிளையும் மாட்யூலையும் நிரலையும் ஒருசேரச் சரிபார்க்கும். டிரான்ஸ்மிட்டரின் வீச்சைச் சரிபார்க்காது. அதற்குத் தொட்டியில் அளவுகோல் வைத்து, திரையின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். டிரான்ஸ்மிட்டரையோ மாட்யூலையோ மாற்றும் ஒவ்வொரு முறையும் இவை அனைத்தையும் மீண்டும் செய்து, முடிவுகளைப் பேனலின் ஆவணத்தில் பதிவது பராமரிப்பின் இன்றியமையாத பகுதி.