உடைமையாகக் காக்கப்பட்டோர்: சிசிலித் தீவின் யூதரும் வைசிராய்களும்

பவுல் அப்போஸ்தலன் ரோமாபுரிக்குக் கொண்டு செல்லப்படுகையில், மெலித்தா தீவிலிருந்து கப்பலேறிச் சீரகூசா பட்டணத்தில் மூன்று நாள் தங்கியதை அப்போஸ்தலர் நடபடிகளின் 28 ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். சீரகூசா அமைந்துள்ள சிசிலித் தீவில் ரோமர் காலந்தொட்டு யூதர் குடியிருந்தனர். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலைத்திருந்த அச்சமுதாயம் 1492 ஆம் ஆண்டின் ஓர் ஆணையினால் ஏழே மாதங்களில் வேரோடு பெயர்க்கப்பட்டது. ஆணையிட்ட அரசர் ஸ்பெயினில் இருந்தார். அதனைத் தீவில் நிறைவேற்றியவர் அவருடைய வைசிராய்.

சிசிலி 1409 ஆம் ஆண்டில் அரகோன் முடியின்கீழ் வந்தது. கடல் கடந்து வாழும் அரசர் நேரில் ஆள இயலாமையால், 1415 முதல் அரசப் பிரதிநிதியாகிய வைசிராய் தீவை ஆண்டு வந்தார். நீதி, படை, வரி ஆகிய யாவும் அவர் பொறுப்பு. தீவுக்கெனப் பாராளுமன்றமும் சலுகைகளும் இருந்தபோதிலும், இறுதிச் சொல் அரசருடையதே.

இவ்வாட்சியில் யூதரின் நிலை யாது? சட்டம் அவர்களை 'அரச கருவூலத்தின் அடிமைகள்' என வகுத்தது. அவர்கள் தனி வரி செலுத்தினர். அதற்கு ஈடாக அரசரின் பாதுகாப்பைப் பெற்றனர். 1487 இல் எருசலேமை நோக்கிப் பயணம் செய்த பெர்த்தினோரோ ஊரினரான ஒபதியா ரபி பலெர்மோ நகரில் தங்கினார். அங்கே ஏறத்தாழ 850 யூதக் குடும்பங்கள் வாழ்வதாகவும், அவர்களில் பலர் செம்பு, இரும்பு வேலை செய்வோரும் சுமை தூக்குவோரும் என்றும் அவர் எழுதினார். இவர்கள் உழைத்துண்ட எளிய மக்கள்.

அரசரின் பாதுகாப்பு வெறும் சொல்லாக இருக்கவில்லை. 1474 ஆகஸ்டு 15 அன்று, மரியாளின் விண்ணேற்புத் திருநாளில், மோதிக்கா நகரத்துக் கிறிஸ்தவர்கள் திரண்டெழுந்து சுமார் 360 யூதரைக் கொன்றனர் என்பர். அந்நாளைய வைசிராய் லோப்பே ஹிமேனெஸ் தெ ஊர்ரேயா கலகத் தலைவர்களுக்கு மரண தண்டனை விதித்தார். எனினும் இச்செயலின் அடிப்படையை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். யூதர் மேல் கை வைத்தவன் அரசரின் சொத்தின்மேல் கை வைத்தான் என்பதே சட்டத்தின் கருத்து.

பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் இதே கருத்து எதிர்த்திசையில் வேலை செய்தது. 1492 மார்ச்சு 31 அன்று பெர்டினாந்து அரசர் பிறப்பித்த வெளியேற்ற ஆணையை, வைசிராய் பெர்னாந்தோ தெ அக்கூனியா ஜூன் 18 அன்று சிசிலியில் வெளியிட்டார். மூன்று மாதக் கெடு விதிக்கப்பட்டது. யூதரின் பொருள்கள் கணக்கெடுக்கப்பட்டு முத்திரையிடப்பட்டன. பலெர்மோவிலிருந்த அரச அலுவலர் சிலர் அரசருக்கு மறுப்பு விண்ணப்பம் அனுப்பினர். தீவின் இரும்பு வேலை பெரும்பாலும் யூதர் கையில் இருப்பதால், அவர்கள் போய்விட்டால் குதிரைக்கு இலாடமும், உழவுக்குக் கருவியும், கப்பலுக்கு இரும்பும் கிட்டா என்றனர். வாணிபம் குன்றும், வரி குறையும் என்றனர். சொன்னவை உண்மையே. ஆயினும் அவ்விண்ணப்பத்தில் மேலோங்கி நின்றது இலாப நட்டக் கணக்கு.

அரசர் அக்கணக்கையே வேறு வழியில் தீர்த்துக் கொண்டார். யூதர் போவதால் கருவூலத்துக்கு நேரும் வரி இழப்புக்கு ஈடாக 1,00,000 புளோரினை யூதரே செலுத்த வேண்டுமென்று விதிக்கப்பட்டது. கெடு முதலில் டிசம்பர் 18 வரையும், பின்னர் 1493 ஜனவரி 12 வரையும் நீட்டிக்கப்பட்டது. அதன்பின் பல்லாயிரவர் கப்பலேறினர். ஏழைகள் உடுத்திய உடை, படுக்கை, வழியுணவு, சில சிறு நாணயங்கள் தவிர வேறெதையும் எடுத்துச் செல்ல இயலவில்லை. பலர் நேப்பிள்ஸ் நாட்டிலும், சிலர் பவுல் நிருபம் எழுதிய தெசலோனிக்கேயிலும் புகலிடம் கண்டனர். மெலித்தாவாகிய மால்டாவின் யூதருக்கும் இதே கதி நேர்ந்தது. ஞானஸ்நானம் பெற்றுத் தங்கியவர்களையோ பின்னர் ஸ்பானிய விசாரணை மன்றம் தேடி வந்தது.

1474 இன் வைசிராயை நல்லவரென்றும் 1492 இன் வைசிராயைத் தீயவரென்றும் தீர்ப்பளித்து நூலை மூடிவிடுவது எளிது. ஆனால் இருவரும் ஒரே சட்டத்தின்படி நடந்தனர். பிறருடைய உடைமையாகக் காக்கப்படுகிறவன், உடையவர் மனம் மாறும் நாளில் உடைமையாகவே தூக்கியெறியப்படுவான். பயன் கருதிக் காட்டும் ஆதரவு, பயன் தீர்ந்தவுடன் தீர்ந்துவிடும். மனிதன் தேவசாயலில் படைக்கப்பட்டவன் என்பது நமது உபதேசம். அவ்வுபதேசத்தின் மேல் ஒரு விண்ணப்பம் எழுந்திருக்குமாயின், அதற்கு இலாடக் கணக்குத் தேவைப்பட்டிராது. அதை முதலாவது எழுதியிருக்க வேண்டியது அத்தீவின் திருச்சபையே.

அக்கூனியா 1494 இல் கத்தானியாவில் காலமானார். அந்நகரப் பேராலயத்தில், பரிசுத்த அகத்தாளின் சிற்றாலயத்தில் அவருடைய கல்லறை உள்ளது. அதில் அவர் முழங்காற்படியிட்டு ஜெபிப்பதாகச் சிலை செதுக்கப்பட்டிருக்கிறது. ஆராதனைக்கும் அலுவலுக்கும் இடையே சுவரெழுப்பி வாழ்வது அவருக்கு மட்டும் நேர்ந்த சோதனை அன்று. நம் சபைகளில் அதிகாரப் பொறுப்பு வகிப்போருக்கும், அவர்களுக்குப் பிரசங்கிக்கும் நமக்கும் அச்சிலை ஒரு கேள்வியாக நிற்கிறது.