முன் பிறந்த காமிரா

ஆசிரியன் ஓய்வு பெற்றாலும் அவன் கற்பித்த பிழை ஓய்வு பெறுவதில்லை. தூரமானியை லென்சுடன் இணைத்த முதற் காமிராக்கள் 1932-ஆம் ஆண்டில் ஜெர்மனியில் தோன்றியவை என்றே, இரண்டாம் லைக்காவையும் காண்டாக்சையும் சுட்டி, பல்லாண்டுகள் கற்பித்து வந்தேன்.

சென்ற ஆண்டு பழம்பொருட்கடை ஒன்றில், துருத்தியோடு மடங்கும் பெரிய காமிரா ஒன்றைக் கண்டேன். அமெரிக்காவின் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் 1916-இல் வெளியிட்ட '3ஏ ஆட்டோகிராபிக் ஸ்பெஷல்' அது. அஞ்சலட்டை அளவில் படம் எடுப்பது.

அக்காலத்துக் கைக் காமிராக்கள் பெரும்பாலானவற்றில், தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டே லென்சை அளவுகோலில் நிறுத்துவர். இதிலோ, லென்சின் அடியில் ஒரு சிறு சாளரம் உண்டு. அதனுள் பொருளின் உருவம் பிளவுபட்டுத் தோன்றுகிறது. குமிழைத் திருக, லென்ஸ் நகர்கிறது. பிளவு ஒன்றுகூடும் கணத்தில் குவியமும் சரியாக அமைகிறது.

பிந்தி வந்த ஜெர்மானியக் கருவிகள் கைக்கு அடக்கமானவை, பெரும்புகழ் பெற்றன. பருத்த கோடக்கைப் பலரும் மறந்தனர். புகழ் பெற்றதையே முதலாவது என்று கொண்டது என் பிழை. என் பழைய மாணவர் எவரேனும் இதைக் கேட்டுக்கொண்டிருப்பின், தம் குறிப்பேட்டில் 1932 என்பதை அடித்து, 1916 என்று திருத்திக்கொள்வாராக.