மன்றோ என்ற பெயர் மூணாறு வந்த வழி

சென்னைத் தீவுத்திடல் பக்கம் சேணமில்லாக் குதிரைமேல் உட்கார்ந்திருக்கும் மன்றோவை எல்லோருக்கும் தெரியும். கொல்லத்தருகே அஷ்டமுடிக் காயலையொட்டி மன்றோ துருத்து என்ற தீவு இருக்கிறது. மூணாறு தேயிலை மலைகளின் மூலப் பத்திரத்திலும் ஒரு மன்றோ. மூவரும் ஒரே ஆள் என்று நினைப்பவர்கள் இன்றும் உண்டு. ஆள்கள் வேறு வேறு.

பெயர் புறப்பட்ட இடம் வடக்கு ஸ்காட்லாந்தின் ராஸ் பகுதி. ஃபவுலிஸ் கோட்டைதான் மன்றோ குலத்தின் தலைமை வீடு. நம்மூர்க் கூட்டப் பெயர் மாதிரி, கோட்டைக்காரரும் மன்றோதான், அவர் நிலத்தை உழுதவரும் மன்றோதான். நிலம் மூத்த மகனுக்குப் போய்விடும். இளையவர்கள் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையைத் தேடிக் கப்பலேறினார்கள். 1764-இல் பக்சார் போரை வென்ற ஹெக்டர் மன்றோவும் அந்தப் பகுதிக்காரர்தான்.

சென்னைச் சிலைக்காரர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் 1761-இல் பிறந்தவர். உழவரிடமே நேராக நிலவரி வாங்கும் ரயத்துவாரி முறையை வேரூன்றச் செய்தவர், சென்னை ஆளுநர். 1827-இல் பட்டிகொண்டாவில் காலராவுக்குப் பலியானார். துருத்துக்குப் பெயர் தந்தவர் கர்னல் ஜான் மன்றோ, ராஸ் பகுதியின் டீனினிக் வீட்டுப் பிள்ளை. 1810-இல் திருவிதாங்கூரில் பிரிட்டிஷ் பிரதிநிதியான ரெசிடெண்ட்டாகி, 1811 முதல் 1814 வரை திவான் வேலையையும் சேர்த்துப் பார்த்தார்.

மலைக்கு ஏறியது மூன்றாமவர், ஜான் டேனியல் மன்றோ. 1877 ஜூலை 11-இல் பூஞ்சாறு அரசர் கேரள வர்மா அவருக்கு மூணாறு அடங்கிய கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எழுதிக் கொடுத்தார். பரப்பு சுமார் 227 சதுர மைல். முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். மறு ஆண்டே திருவிதாங்கூர் அரசும் அதை ஏற்றது. பிற்பாடு நிலம் கிளாஸ்கோவின் ஃபின்லே கம்பெனி வசம் வந்து, 1897-இல் கண்ணன் தேவன் மலை விளைபொருள் கம்பெனி உருவானது. 1976-இல் டாடா கைக்குத் தோட்டங்கள் மாறின. துரைமார் போய்விட்டார்கள். ஆனால் எஸ்டேட் அணிகள் மோதும் கால்பந்துப் போட்டிக்கு இன்றும் ஃபின்லே கேடயம் என்றுதான் பெயர்.

ஜான் டேனியல் மன்றோவைக் கர்னலின் பேரன் என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முன்னோரைத் தேடுகிறவர் அதோடு நின்றுவிடக் கூடாது. பெயர் ஒற்றுமை குலத்தைத்தான் காட்டும், தகப்பனைக் காட்டாது. அதற்கு ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்று பதிவேடுகள் வேண்டும். சென்னை மாகாணப் பதிவேடுகளின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. இப்போது அவை பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பதிவேடு மட்டுமல்ல, கல்லறையும் ஆதாரம்தான். மூணாற்றிலேயே அப்படி ஒரு தடயம் உண்டு. 1894-இல் காலராவில் இறந்த எலனர் நைட் என்ற இளம்பெண்ணை அங்கே குன்றில் புதைத்தார்கள். அந்தக் குன்றடியில் கல் தேவாலயம் எழும்பத் தொடங்கியது 1910-இல்தான். தேவாலயம் வருமுன்பே கல்லறை வந்துவிட்டது.

அதே மலையில் காடழித்துச் செடி நட்டவர்கள் மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் சீமைகளிலிருந்து கங்காணிகள் கூட்டிவந்த தமிழர்கள். போடியிலிருந்து கால்நடையாக ஏறியவர்கள். அவர்களுக்குக் குலப்பெயர் எழுதும் வழக்கமில்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்து மட்டும்தான். செக்ரோல் என்ற ஆள் கணக்கேட்டில் ஏறிய பெயர், ஆள் வேலையிலிருந்து நின்றதும் அடிக்கப்பட்டுவிடும். தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் இறந்தவருக்குப் பெரும்பாலும் யாரும் கல் நட்டதில்லை. ஸ்காட்லாந்துப் பேரனுக்கு இருக்கும் ஆதாரத்தில் பத்தில் ஒரு பங்குகூட நம் பேரனுக்கு இல்லை.

எனவே மூணாறு, வால்பாறை, நெல்லியாம்பதி எஸ்டேட் குடும்பத்தார் ஒன்று செய்யலாம். வீட்டுப் பெரியவர்கள் இருக்கும்போதே தாத்தா பெயர், பாட்டி பெயர், பிறந்த ஊர், குலசாமி, கூட்டிவந்த கங்காணி, முதலில் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) நின்ற எஸ்டேட் இவற்றை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். நமக்கு அதுதான் பதிவேடு.