மருந்து முதலில், பாடம் பிறகு: புற்றுநோய் நர்ஸ்கள் படித்த கதை

இந்த முறை கொஞ்சம் சம்பந்தமில்லாத தலைப்பு. காமர்ஸ் படிக்கிற ஆளுக்கு நர்ஸ்களின் படிப்பைப் பற்றி எழுத என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். ஒரு தகுதியும் இல்லை. அக்கவுண்ட்ஸ் வகுப்பில் தேய்மானம் நடத்திக்கொண்டிருந்தபோது வந்த ஒரு கேள்விதான் காரணம். ஒரு மெஷின் வாங்கினால் அதன் மதிப்பு வருடத்துக்கு இவ்வளவு குறைகிறது என்று எழுதி வைக்கிறோம். அந்த மெஷினை ஓட்டுகிறவருக்குத் தெரிந்த தொழிலும் வருடா வருடம் பழசாகிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? இதற்கு உதாரணம் தேடித் தேடிக் கடைசியில் நான் போய் நின்ற இடம் புற்றுநோய் வார்டு. அங்கே தொழில் பழசானால் போவது பணம் இல்லை, உயிர்.

சரி, கதைக்கு வருவோம். கதை பெரும்பாலும் அமெரிக்காவில் நடக்கிறது. அங்கேதான் இது முதலில் பெரிய அளவில் நடந்தது, எழுதியும் வைக்கப்பட்டது.

1940க்கு முன்னால் புற்றுநோய்க்கு இரண்டே வழிகள்தான். வெட்டி எடுப்பது அல்லது கதிர்வீச்சு (நம் ஊரில் 'கரண்டு வைக்கிறது' என்பார்களே, அது). நர்ஸின் வேலை பெரும்பாலும் ஆபரேஷன் முடிந்த புண்ணுக்குக் கட்டுப் போடுவது, படுக்கைப் புண் வராமல் பார்ப்பது, நாற்றத்தைச் சமாளிப்பது, வலிக்கு மார்ஃபின் கொடுப்பது. ரேடியத்தை உடம்புக்குள் வைத்து வைத்தியம் செய்த வார்டுகளில் மட்டும் அதற்கு மேல் ஒரு பாடம் தேவைப்பட்டது. கட்டிலிலிருந்து இரண்டு மடங்கு தூரம் தள்ளி நின்றால் உடம்பில் படும் கதிர் கால்வாசியாகிவிடும். அதனால் சீக்கிரம் வேலையை முடி, தள்ளி நில். நோயாளியைக் கவனிக்க வந்தவர் நோயாளியிடமிருந்தே தள்ளி நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. இந்த விசித்திரம் பிறகும் ஒரு முறை வருகிறது.

பல்கலைக்கழக அளவில் புற்றுநோய் நர்ஸிங்கிற்கென்று முதல் பாடத்திட்டம் வந்தது 1947ல். நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் டீச்சர்ஸ் காலேஜில் கேத்தரின் நெல்சன் அதை ஆரம்பித்தார். வருடத்தைக் கவனியுங்கள். யேல் பல்கலைக்கழகத்தில் நைட்ரஜன் மஸ்டர்டு என்ற மருந்தை முதல் நோயாளிக்கு ஏற்றியது 1942 ஆகஸ்டில். போர்க்கால ரகசியம் என்பதால் செய்தி வெளியே வந்தது 1946ல். பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் ரத்தப் புற்று வந்த குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்துப் பார்த்தது 1947ல். அடுத்த வருடம் அவர் வெளியிட்ட கட்டுரையில் இருந்த 16 குழந்தைகளில் 10 பேருக்கு நோய் கொஞ்ச காலம் பின்வாங்கியிருந்தது. அதாவது நெல்சனின் வகுப்பு ஆரம்பித்த அதே சமயத்தில், அந்த வகுப்பில் சொல்லித்தர வேண்டியதே மாறிக்கொண்டிருந்தது. பாடப்புத்தகம் அச்சாகி வருவதற்குள் சிலபஸ் மாறும் கொடுமை நமக்குத் தெரியும்தானே... அதேதான்.

ஆரம்பத்தில் இந்த மருந்துகளை ரத்தக் குழாயில் ஏற்றுவது டாக்டரின் வேலை. நர்ஸ் ஊசி போடலாம், ரத்தக் குழாயைத் தொடக்கூடாது என்பதுதான் பல ஆஸ்பத்திரிகளில் எழுதாத சட்டம். ஆனால் மருந்து ஏறும்போதும், ஏறிய பிறகு ராத்திரி முழுக்கவும் பக்கத்தில் இருப்பவர் யார்? 1955ல் ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் ஆஸ்பத்திரியின் நர்ஸிங் இயக்குநராக வந்தார் ரெனில்டா ஹில்கெமேயர். நர்ஸ்களுக்குச் சொல்லிக்கொடுத்தால் டிரிப்ஸ் ஏற்றுவதும் கீமோ கொடுப்பதும் அவர்களால் முடியும் என்று வாதாடியவர், சொல்லிக்கொடுத்தும் காட்டியவர். அமெரிக்காவில் புற்றுநோய் நர்ஸிங்கின் தாய் என்றே இவரைச் சொல்கிறார்கள். என் கருத்தில் இந்தக் கதையின் நிஜமான திருப்பம் இவர்தான். பிறகு வந்த சங்கம், பரீட்சை எல்லாவற்றுக்கும் அடிப்படை, 'இந்த வேலையை நர்ஸும் செய்வார்' என்று ஆனதுதான்.

வேலை கைக்கு வந்துவிட்டது. என்ன தெரிந்திருக்க வேண்டும்?

டாக்ஸோரூபிசின் என்று ஒரு மருந்து. அமெரிக்காவில் 1974ல் அனுமதி பெற்றது. சிவப்பாக இருக்கும், நோயாளிகள் 'சிவப்புப் பிசாசு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ரத்தக் குழாய்க்குள் போனால் மருந்து. ஊசி கொஞ்சம் விலகி வெளியே சதையில் கசிந்தால் அந்த இடம் வெந்து அழுகி, சில பேருக்குத் தோல் ஒட்டும் ஆபரேஷன் வரை போகும். அதனால் ஏற்றுவதற்கு முன்னால் ரத்தம் திரும்ப வருகிறதா என்று இழுத்துப் பார்க்க வேண்டும், ஏற்றும்போதும் நடுநடுவே பார்க்க வேண்டும். கசிந்துவிட்டால் உடனே நிறுத்தி ஐஸ் ஒத்தடம். ஆனால் வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து கசிந்தால் ஐஸ் வைக்கக்கூடாது, வெந்நீர் ஒத்தடம்! ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் செய்தால் நிலைமை மோசமாகும். டாக்ஸோரூபிசின் கசிவுக்கென்றே ஒரு மாற்று மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது 2007ல்தான். 1980ல் நன்றாகப் படித்து முடித்த ஒரு நர்ஸுக்கு, இன்னும் 27 வருடம் கழித்து வரப்போகும் இந்த மருந்தை யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்?

காய்ச்சலும் அப்படித்தான். கீமோ கொடுத்து ஒன்றிரண்டு வாரத்தில் ரத்தத்தின் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கும். அந்த நாட்களில் வரும் காய்ச்சலுக்கு வீட்டில் ஒரு பாராசிட்டமால் போட்டுப் படுத்துவிடக் கூடாது. அது மணிக்கணக்கில் ஆளைக் கொண்டுபோகும் கிருமித் தொற்றாக இருக்கலாம். இதை நோயாளியின் குடும்பத்துக்குப் புரியும்படி சொல்லி அனுப்புவது பெரும்பாலும் நர்ஸ். அவருக்கே தெரியாவிட்டால் அந்த வீட்டுக்கும் தெரியாது.

1971 டிசம்பரில் நிக்சன் தேசிய புற்றுநோய்ச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். ஆராய்ச்சிக்குப் பணம் கொட்டியது, புது மருந்துகளின் சோதனைகள் பெருகின. நர்ஸ்கள் ஒருவரை ஒருவர் தேட ஆரம்பித்ததும் அப்போதுதான். 1973ல் அமெரிக்க புற்றுநோய் சங்கம் சிகாகோவில் நடத்திய முதல் தேசிய புற்றுநோய் நர்ஸிங் மாநாட்டில் சந்தித்தவர்கள், நமக்கென்று ஓர் அமைப்பு வேண்டும் என்று பேசிக்கொண்டார்கள். 1975ல் ஆன்காலஜி நர்ஸிங் சொசைட்டி பதிவானது. கடலுக்கு அந்தப் பக்கம் லண்டன் ராயல் மார்ஸ்டன் ஆஸ்பத்திரியில் ராபர்ட் டிஃபனி இதே வேலையைச் செய்துகொண்டிருந்தார். 1978ல் முதல் சர்வதேசப் புற்றுநோய் நர்ஸிங் மாநாடு லண்டனில் நடந்தது. 1984ல் சர்வதேச சங்கமும் உருவானது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், மேலிருந்து யாரும் உத்தரவு போட்டு இது ஆரம்பிக்கவில்லை. தங்களுக்குத் தெரியாததைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நர்ஸ்களே கூடிச் செய்தது.

இனி, முன்னால் சொன்ன விசித்திரத்தின் இரண்டாம் பாகம். அந்தக் காலத்தில் கீமோ மருந்துகளை வார்டிலேயே, சாதாரண மேஜை மேல் வைத்து நர்ஸ்களே கலப்பது சர்வசாதாரணம். பல இடங்களில் கையுறை கூட இல்லை. இந்த மருந்துகளில் பல, செல்லின் மரபணுவையே தாக்குபவை. 1979ல் பின்லாந்து ஆராய்ச்சியாளர்கள் லான்செட் இதழில் ஒரு சின்ன அறிக்கை வெளியிட்டார்கள். இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களின் சிறுநீரைச் சோதித்ததில், மரபணுவில் மாற்றம் உண்டாக்கும் தன்மை தெரிந்தது என்றது அது. நோயாளிக்கு ஏற்ற வேண்டிய மருந்து நர்ஸின் உடம்புக்குள்ளும் போய்க்கொண்டிருந்தது. 1985ல் இன்னொரு ஆய்வு, அதுவும் பின்லாந்து ஆஸ்பத்திரிகளில்தான். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் இந்த மருந்துகளைக் கையாண்ட நர்ஸ்களுக்குக் கரு கலைவது சுமார் இரண்டு மடங்கு அதிகம் என்று தெரிய வந்தது. அமெரிக்க அரசின் தொழில் பாதுகாப்புத் துறை இந்த மருந்துகளைக் கையாள வழிகாட்டுதல் வெளியிட்டது 1986ல். முதல் மருந்து ஏற்றப்பட்ட 1942லிருந்து கணக்குப் போட்டால் 44 வருடம். மருந்தின் விலையில் இந்தப் பெண்கள் இழந்தது எந்த இடத்திலும் சேரவில்லை.

அதே 1986ல்தான் புற்றுநோய் நர்ஸ்களுக்கான முதல் சான்றிதழ்த் தேர்வும் நடந்தது. அந்தச் சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லாது. நான்கு வருடம்தான், பிறகு புதுப்பிக்க வேண்டும். ஒரு முறை டிகிரி வாங்கினால் சாகும்வரை பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்கிற நமக்கு இது கொஞ்சம் உறைக்கும். நர்ஸ் லைசென்ஸுக்கு மட்டும் பார்த்தால், கலிபோர்னியாவில் இரண்டு வருடத்துக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி கட்டாயம், சில மாநிலங்களில் கட்டாயமே இல்லை. நம் நாட்டில் இந்திய செவிலியர் கவுன்சில் பாடத்திட்டப்படி புற்றுநோய் நர்ஸிங்கில் ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. ஆனால் வேலையில் இருப்பவர் ஒரு வருடம் அதற்காக ஒதுங்க வேண்டும். அந்த வருடத்துச் சம்பளத்தை யார் தருவது என்பதுதான் கேள்வி. மெஷின் வாங்கினால் பேலன்ஸ் ஷீட்டில் சொத்து. ஆளைப் படிக்க அனுப்பினால் அது செலவு. நெருக்கடி வந்தால் எதில் முதலில் கை வைப்பார்கள் என்று பி.காம். முதல் வருடப் பையனுக்குக் கூடத் தெரியும்.

படித்தவர்கள் நிறைந்த இடத்திலும் விபத்து நடந்தது. பெட்ஸி லேமன், பாஸ்டன் குளோப் பத்திரிகையில் மருத்துவப் பத்தி எழுதியவர், 39 வயது. மார்பகப் புற்றுக்காக பாஸ்டனின் புகழ்பெற்ற டானா ஃபார்பர் மையத்தில் ஒரு சோதனை முறை சிகிச்சையில் இருந்தார். சைக்ளோபாஸ்பமைடு என்ற மருந்தை நான்கு நாளில் பிரித்துக் கொடுக்க வேண்டும். ஆனால் நான்கு நாளுக்கான மொத்த அளவு, ஒரு நாள் அளவாக எழுதப்பட்டது. நான்கு நாளும் அதே அளவு ஏறியது. 1994 டிசம்பர் 3 அன்று இறந்துபோனார். தவறு நடந்ததே 1995 பிப்ரவரியில், பதிவேடுகளை வழக்கம்போலச் சரிபார்க்கும்போதுதான் தெரிந்தது. எழுதியவர் டாக்டர். மருந்தகம் அதைக் கடந்துவிட்டது. கடைசியில் கையில் பையை வைத்துக்கொண்டு கட்டிலருகே நின்றவர்கள் நர்ஸ்கள். 1999ல் 18 நர்ஸ்கள் மீது மாநில செவிலியர் வாரியம் ஒழுங்கு நடவடிக்கை எடுத்தபோது நர்ஸ்கள் தரப்பில் கடும் கோபம் கிளம்பியது.

அந்த நர்ஸ்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அது வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிக அளவில் மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனை. எண் பெரிதாக இருப்பதே அங்கே வழக்கம். 'இது ரொம்ப அதிகமாச்சே' என்று ஒருவருக்குத் தோன்ற வேண்டுமானால், அந்தச் சோதனையின் திட்ட அறிக்கை அவர் கைக்கு வந்திருக்க வேண்டும், அதை யாராவது உட்கார வைத்து விளக்கியிருக்க வேண்டும், சந்தேகம் வந்தால் டாக்டரை நிறுத்திக் கேட்கும் உரிமையும் இருக்க வேண்டும். இதில் மூன்றாவதை எந்த வகுப்பிலும் சொல்லித்தர முடியாது, ஆஸ்பத்திரிதான் கொடுக்க வேண்டும். பிறகு மாறியது. 2009ல் புற்றுநோய் டாக்டர்கள் சங்கமும் நர்ஸ்கள் சங்கமும் சேர்ந்து வெளியிட்ட கீமோ பாதுகாப்பு விதிகளின்படி, மருந்து ஏறுவதற்கு முன் குறைந்தது இரண்டு பேர் தனித்தனியே பெயர், அளவு எல்லாவற்றையும் சரிபார்க்க வேண்டும்.

இத்தோடு படிப்பு முடிந்ததா என்றால், 2011ல் இன்னொரு புது மருந்து வந்தது. நோய் எதிர்ப்புச் சக்தியின் பிரேக்கை எடுத்துவிடும் இபிலிமுமாப். கீமோ நோயாளிக்கு வயிற்றுப்போக்கு என்றால் நிறுத்த மாத்திரை கொடுப்பது பல வருடப் பழக்கம். இந்த மருந்து போட்டவருக்கு வயிற்றுப்போக்கு என்றால், உடம்பின் காவல்படையே குடலைத் தாக்குகிறது என்று அர்த்தமாக இருக்கலாம். அப்போது தேவைப்படுவது ஸ்டீராய்டு. வெறும் மாத்திரையோடு நாளைக் கடத்தினால் குடலில் ஓட்டை விழும் வரை போகலாம். இருபது வருட அனுபவம் இங்கே தப்பான பதிலைச் சொல்லும்.

2017ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கார்-டி சிகிச்சை இன்னும் புதிது. நோயாளியின் சொந்த ரத்த அணுக்களை எடுத்து, மாற்றி, திரும்ப ஏற்றுகிறார்கள். சில பேருக்கு அது மூளையைப் பாதிக்கும், ஆரம்பத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. அதைக் கண்டுபிடிக்க நர்ஸ் நேரம் தவறாமல் நோயாளியிடம் இது எந்த ஊர், என்ன மாதம் என்று கேட்கிறார். நூறிலிருந்து பத்துப் பத்தாகக் குறைத்து எண்ணச் சொல்கிறார். பிறகு ஒரு காகிதத்தைக் கொடுத்து ஒரே ஒரு வாக்கியம் எழுதச் சொல்கிறார். நேற்று எழுதியதையும் இன்று எழுதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். எழுத்து கோணலாகி, வரி கீழே சரிந்திருந்தால் உடனே டாக்டரைக் கூப்பிடுகிறார்.