தானே வழி பிடித்த படகு

தனியாளாக, எந்தத் துறைமுகத்திலும் நிற்காமல் உலகைச் சுற்றிவர 1968இல் ஒன்பது பேர் கிளம்பினார்கள். சண்டே டைம்ஸ் பத்திரிகை அறிவித்த கோல்டன் குளோப் போட்டி அது. முடித்தவர் ஒருவர்தான்: ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவருடைய சுஹைலி 32 அடிப் படகு. கனத்த உடம்பு, மெதுவான ஓட்டம். அதை யாரும் பந்தயக் குதிரையாக நினைக்கவில்லை.

சுஹைலி நம் பம்பாயில் தேக்கில் கட்டப்பட்டு 1964இல் கடலில் இறங்கியது. வடிவம் அதைவிடப் பழையது. புயலில் மாட்டிய மீனவர்களை மீட்க நார்வேயின் காலின் ஆர்ச்சர் 1890களில் படகுகள் வடிவமைத்தார். அதை 1920களில் அமெரிக்கர் வில்லியம் அட்கின் 32 அடிக்குச் சுருக்கி ‘எரிக்’ என்று பெயர் வைத்தார். சுஹைலி அந்த வம்சம்.

மீட்புப் படகுக்கு வேகம் அப்புறம்தான். போனது திரும்பி வரணும். அதனால் அணியம் மாதிரியே பின்பக்கமும் கூர். பின்னால் துரத்திவரும் அலை அதில் பட்டு இரண்டாகப் பிரிந்துவிடும். அடிக்கட்டை கிட்டத்தட்ட முழு நீளத்துக்கும் ஓடுவதால் பிடித்த திசையை எளிதில் விடாது. இதற்கு விலையும் உண்டு: சட்டென்று திரும்பாது, எதிர்க்காற்றில் திணறும்.

அந்தப் பிடிவாதம்தான் கைகொடுத்தது. ஆஸ்திரேலியப் பக்கம் வரும்போது தானியங்கிச் சுக்கான் கருவி உடைந்துபோனது. இரண்டு பாய்மரங்களின் பாய்களையும் ஒன்றுக்கொன்று ஈடாகச் சரிசெய்து விட்டார் நாக்ஸ்-ஜான்ஸ்டன். அவர் தூங்கும்போதும் படகு தன் வழியில் போனது. ஒரு பாகம் செத்தாலும் மொத்தமும் நின்றுவிடக் கூடாது என்று மென்பொருளில் நாங்கள் மல்லுக்கட்டுகிறோமே, அதேதான். 312 நாட்கள் கழித்து, 1969 ஏப்ரல் 22 அன்று ஃபால்மத் திரும்பினார். சராசரி வேகம் மணிக்குச் சுமார் நான்கு கடல் மைல். ஓட்டமும் நடையுமாகப் போகிற வேகம். வேகமான மூவுடல் படகில் வந்த நைஜல் டெட்லி, பின்னால் ஒருவர் நெருங்குகிறார் என்று நம்பி விரட்டினார். மே மாதம் ஊர் திரும்பும் வழியில் படகு உடைந்து மூழ்கியது, அவர் மீட்கப்பட்டார்.

அப்படியானால் சுஹைலி வடிவம் வெல்லமுடியாததா? இல்லை. 2018இல் அதே போட்டி மறுபடி நடந்தபோது, கோவாவில் சுஹைலியின் சாயலில் கட்டிய ‘துரியா’வில் போனார் இந்தியக் கடற்படையின் அபிலாஷ் டோமி. இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் புயல் படகைப் புரட்டியது. பாய்மரங்கள் முறிந்தன, அவருடைய முதுகெலும்பும் அடிபட்டது. மீட்கப்படும்வரை மூன்று நாட்கள், எழுந்து நிற்க முடியாமல் அந்தப் படகுக்குள்தான் கிடந்தார்.

துரியா மூழ்கவில்லை. ஆர்ச்சர் வடிவத்திடம் கேட்டதும் அதுதானே.