கல்லூரி உதவித்தொகை: தகுதி இருந்தும் நாம் இழப்பது ஏன்?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்பாளனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

பிளஸ் 2 தேர்வு முடிவுகள் வந்துவிட்டால் நம் மஹல்லாக்களில் இரண்டு வகையான பேச்சுகளைக் கேட்கலாம். ஒன்று, "பிள்ளை நல்ல மார்க் எடுத்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ்". மற்றொன்று, "ஃபீஸ் கட்ட எங்கே போவது?" இரண்டாவது கேள்விக்கு விடை தெரியாத வீடுகளில் ஒன்று படிப்பு நின்றுபோகின்றது. அல்லது தாயின் நகை அடகுக்கடைக்குப் போகின்றது. அல்லது வட்டிக் கடனுக்கு விண்ணப்பம் போடப்படுகின்றது. வட்டி ஹராம் என்று மிம்பரில் சொல்லும் நாம், வட்டியில்லாமல் பிள்ளையைப் படிக்க வைக்கும் வழியையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கின்றோம்.

நமக்குத் தெரிந்த ஒரு மாணவிக்கு எல்லாத் தகுதியும் இருந்தது. மதிப்பெண் இருந்தது, குடும்ப வருமானம் வரம்புக்குள் இருந்தது, விண்ணப்பமும் குறித்த நாளுக்குள் போடப்பட்டது. ஆனால் மதிப்பெண் சான்றிதழில் ஒரு பெயர்; ஆதாரில் வீட்டில் கூப்பிடும் பெயர். பெயரைத் திருத்திக்கொண்டு வருவதற்குள் கடைசித் தேதி முடிந்துவிட்டது. அந்த ஆண்டுக் கட்டணத்தைத் தந்தை கடன் வாங்கித்தான் கட்டினார். இதுபோன்ற நிகழ்வுகளை நாம் ஆண்டுதோறும் பார்க்கின்றோம். நம் பிள்ளைகளில் பலர் உதவித்தொகையை இழப்பது தகுதிக் குறைவால் அல்ல, காகிதங்களைக் கடைசி வாரத்தில் தேடுவதால்தான்.

இதை வாங்குவது யாசகமா?

சில பெரியவர்கள் இதை யாசகமாக நினைத்துத் தயங்குகின்றார்கள். இது ஸகாத்தும் அல்ல, யாசகமும் அல்ல. மக்கள் செலுத்தும் வரிப் பணத்திலிருந்து, தகுதி உடையவர்களுக்கென்று அரசு ஒதுக்கும் தொகை. உமர் (ரலி) அவர்கள் தமது ஆட்சியில் 'திவான்' என்னும் பதிவேட்டை ஏற்படுத்தி, அதில் பெயர் பதியப்பட்டவர்களுக்குப் பொது நிதியிலிருந்து உதவித்தொகை வழங்கினார்கள் என்பது வரலாறு. பொது நிதியில் நமக்குரிய பங்கைப் பெறுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் பதிவேட்டில் நம் பெயர் சரியாக இருக்க வேண்டும்.

குர்ஆனின் மிக நீண்ட வசனம் (2:282) எதைப் பற்றியது என்பதைச் சிந்தித்துப் பாருங்கள். கொடுக்கல் வாங்கலைச் சிறிது பெரிது என்று பாராமல் எழுதி வைத்து, சாட்சிகளை ஏற்படுத்திக்கொள்ள அது கட்டளையிடுகின்றது. ஆவணத்தை அலட்சியப்படுத்துவது நம் மார்க்கத்தின் வழியல்ல.

தமிழகத்தில் என்னென்ன உதவிகள் இருக்கின்றன?

1. பிற்படுத்தப்பட்டோர் நலத்துறை உதவித்தொகை: அரசு மற்றும் அரசு உதவி பெறும் கல்லூரிகளில் மூன்றாண்டு கலை, அறிவியல் இளங்கலைப் பட்டம் படிக்கும் பி.சி. முஸ்லிம் மாணவர்களுக்கு 'இலவசக் கல்வித் திட்டம்' இருக்கின்றது. இதற்கு வருமான வரம்பு இல்லை. முதுகலை, பாலிடெக்னிக், தொழிற்படிப்புகளுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2.50 லட்சம் ரூபாய்க்கு மிகாமல் இருக்க வேண்டும். விண்ணப்பம் கல்லூரி மூலமாகவே போகின்றது. மாணவரின் விவரங்கள் 'யூமிஸ்' என்னும் இணையதளத்தில் பதியப்பட்டிருக்க வேண்டும்.

இங்கே பெற்றோர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கும். நம் முன்னோர் உருவாக்கிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரி (1919), திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரி (1951), சென்னை நியூ கல்லூரி (1951) போன்றவற்றிலும் நிலை இதுதான். கல்லூரியின் பெயரை மட்டும் பார்க்காமல், நம் பிள்ளைக்குக் கிடைத்த இடம் எந்தப் பிரிவில் இருக்கின்றது என்பதைச் சேர்க்கையின்போதே கேட்டுவிட வேண்டும்.

2. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன்: 6 முதல் 12ஆம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்து உயர்கல்விக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. அரசு உதவி பெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. நம் சமுதாயத்தார் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளில் படித்த பிள்ளைகள் பலருக்கு இது தெரிவதில்லை. இதற்கும் கல்லூரி மூலமாகவே விண்ணப்பிக்க வேண்டும்.

3. முதல் பட்டதாரிச் சலுகை: ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு மூலம் பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளில் சேருவோருக்குக் கல்விக் கட்டணச் சலுகை உண்டு. தாத்தா, பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் எவரும் பட்டம் பெறாத குடும்பத்தில் ஒருவருக்கு மட்டும் இது கிடைக்கும். எனவே எந்தப் பிள்ளைக்குப் பயன்படுத்துவது என்பதை யோசித்து முடிவெடுக்க வேண்டும்.

4. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு: மருத்துவம், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் முதலிய படிப்புகளில் இந்த ஒதுக்கீட்டின் கீழ் சேருபவர்களின் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கின்றது.

5. ஒன்றிய அரசின் உதவித்தொகைகள்: இவற்றுக்குத் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். பிளஸ் 2 தேர்வில் தம் பாடப்பிரிவில் 80ஆவது சதமானத்துக்கு மேல் இருக்கும் மாணவர்கள், குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், இளங்கலைக்கு ஆண்டுக்கு 12,000 ரூபாய் பெறலாம். இதில் பாதி மாணவிகளுக்கு ஒதுக்கப்பட்டிருக்கின்றது. வேறு உதவித்தொகை பெறுபவர் இதைப் பெற முடியாது என்ற நிபந்தனை இருப்பதால், எது கூடுதல் பயன் தரும் என்பதைக் கணக்கிட்டு விண்ணப்பிக்க வேண்டும். தொழில்நுட்பப் படிப்புகளில் சேரும் மாணவிகளுக்கு 'பிரகதி' உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். வருமான வரம்பு 8 லட்சம்.

சச்சார் குழு அறிக்கை (2006) வந்த பிறகு தொடங்கப்பட்ட சிறுபான்மையினருக்கான உதவித்தொகைகள் சில ஆண்டுகளாகப் புதிய விண்ணப்பங்களுக்குத் திறக்கப்படாமல் இருக்கின்றன. ஆனால் பழைய அறிவிப்புகள் வாட்ஸ்அப்பில் இன்றும் சுற்றுகின்றன. அவற்றை நம்பி அலையாமல் அரசின் இணையதளத்தில் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

நாம் தடுக்கி விழும் நான்கு இடங்கள்

முதலாவது, பெயர். முகமது, முஹம்மது, முஹம்மத் என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் எழுதினால் இன்னும் பல விதம். பள்ளியில் 'பேகம்', ஆதாரில் 'பீவி', வங்கியில் இரண்டும் இல்லை. இன்ஷியல் ஓரிடத்தில் முன்னால், ஓரிடத்தில் பின்னால், ஓரிடத்தில் தந்தையின் முழுப்பெயர். மனிதருக்கு இவை ஒரே பெயர்தான். கணினிக்கு வேறு வேறு ஆட்கள். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்குப் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும்போதே பெற்றோர் பள்ளிக்குச் சென்று எழுத்துக்கு எழுத்து சரிபார்க்க வேண்டும். பின்னர் ஆதாரையும் வங்கிக் கணக்கையும் அந்தச் சான்றிதழுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளலாம். ஆதாரில் பெயரை இரண்டு முறைதான் திருத்த முடியும் என்பதால் அவசரப்பட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கிவிடக் கூடாது.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். 'முஸ்லிம்' என்று மட்டும் இருந்தால் போதாது. தமிழகத்தின் பி.சி. முஸ்லிம் பட்டியலில் அன்சர், தக்கனி முஸ்லிம், துதேகுலா, லெப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய பிரிவுகள் இருக்கின்றன. 2007 முதல் நமக்குக் கிடைத்துவரும் 3.5 சதவீத உள் ஒதுக்கீடும் இந்தச் சான்றிதழை வைத்துத்தான். பள்ளி ஆவணத்தில் பிரிவு குறிப்பிடப்படாத பிள்ளைக்குத் தந்தையின் அல்லது அவரது உடன்பிறந்தோரின் பழைய சான்றிதழைத் தேடி எடுத்து வையுங்கள். ஒன்றிய அரசு நிறுவனங்களில் சேர ஓ.பி.சி. சான்றிதழைத் தனியாக வாங்க வேண்டும்.

மூன்றாவது, வங்கிக் கணக்கு. "ஆதார் லிங்க் பண்ணியாச்சு" என்று சொல்லுவோம். ஆனால் கணக்கில் ஆதார் எண்ணைக் கொடுத்திருப்பது வேறு. அரசு அனுப்பும் பணம் ஆதார் எண்ணைக் கொண்டு அந்தக் கணக்கைத் தேடி வரும்படி இணைப்பது வேறு. இரண்டாவதை 'ஆதார் சீடிங்' என்பார்கள். ஆதார் இணையதளத்தில் எந்த வங்கி இணைந்திருக்கின்றது என்று பார்த்துக்கொள்ளலாம். இணைப்பு இல்லையென்றால் வங்கியில் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். தபால் நிலையத்தில் இந்தியா போஸ்ட் பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்கும் தொடங்கலாம். கணக்கு மாணவர் பெயரில் இருக்க வேண்டும்.

நான்காவது, புதுப்பித்தல். முதலாண்டில் பணம் வந்துவிட்டால் அடுத்த ஆண்டும் தானாக வரும் என்று இருந்துவிடுகின்றோம். பெரும்பாலான உதவித்தொகைகளை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். மேலே சொன்ன 12,000 ரூபாய் உதவித்தொகைக்கு 50 சதவீத மதிப்பெண்ணும் 75 சதவீத வருகைப்பதிவும் தேவை.

வருமானச் சான்றிதழும் நம் வாக்குமூலமும்

வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால், கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போகும். கட்டணம் 60 ரூபாய். செல்லுபடிக் காலம் ஓராண்டு. கூடுதலாகப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகத் தேவையில்லை.

இங்கே ஒரு மார்க்கக் கேள்வி வருகின்றது. தந்தை வளைகுடாவில் சம்பாதிக்கின்றார். ஊரில் வருமானம் இல்லை. "எல்லோரும் 72 ஆயிரம் என்றுதான் எழுதுகின்றார்கள், நாமும் எழுதிக்கொள்ளலாமா?" என்று கேட்கின்றார்கள். கூடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பணமும் குடும்ப வருமானம்தான். விண்ணப்பத்தின் அடியில் நாம் போடும் கையெழுத்து ஒரு சாட்சியம். நமக்கும் நம் பெற்றோருக்கும் பாதகமாக இருந்தாலும் நீதிக்குச் சாட்சி சொல்லும்படி குர்ஆன் (4:135) பணிக்கின்றது. பொய்க் கணக்கால் வரும் தொகை ஹலால் ஆகாது. அதுமட்டுமல்ல, இடம் குறைவாக உள்ள திட்டங்களில் அந்தத் தொகை தையல் வேலை செய்யும் ஒரு விதவைத் தாயின் பிள்ளைக்குப் போயிருக்க வேண்டியதாகவும் இருக்கலாம்.

பொய்யின் விளைவை நாம் கண்ணாலேயே பார்த்துவிட்டோம். சிறுபான்மை உதவித்தொகையில் போலிக் கல்வி நிறுவனங்களின் பெயரில் பணம் எடுக்கப்பட்டதாக 2023இல் சிபிஐ வழக்குப் பதிவு செய்தது. யாரோ செய்த மோசடியைக் காட்டி உண்மையான ஏழை மாணவரையும் சந்தேகத்தோடு பார்க்கும் நிலை உருவானது.

வரம்பைத் தாண்டிய வருமானம் உள்ளவர்களுக்கு வருமான வரம்பில்லாத திட்டங்கள் மேலே சொல்லப்பட்டிருக்கின்றன. உண்மையை எழுதிவிட்டு அவற்றைத் தேடுவதே நமக்குப் பரக்கத்.

எப்போது என்ன செய்வது?

- தேர்வு முடிந்த விடுமுறையில்: எல்லா ஆவணங்களிலும் பெயர், பிறந்த தேதி, தந்தை பெயரை ஒரே தாளில் எழுதி ஒப்பிடுங்கள். வேறுபாடு இருந்தால் உடனே திருத்தத்துக்குக் கொடுங்கள்.
- மே மாதத்தில்: சாதி, வருமானம், முதல் பட்டதாரிச் சான்றிதழ்களுக்கு விண்ணப்பியுங்கள். ஆதார் சீடிங்கைச் சரிபாருங்கள்.
- சேர்க்கையின்போது: எந்தப் பிரிவு என்று கேளுங்கள். உதவித்தொகையைக் கவனிக்கும் அலுவலர் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள். கட்டண ரசீதுகளைப் பத்திரப்படுத்துங்கள்.
- விண்ணப்பித்த பின்: விண்ணப்ப எண்ணைக் குறித்து வையுங்கள். கல்லூரி சரிபார்த்து மேலே அனுப்பாத விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நிலையைப் பாருங்கள். திருத்தம் கேட்டுத் திருப்பி அனுப்பப்பட்டிருந்தால் கெடுவுக்குள் சரிசெய்து மீண்டும் அனுப்புங்கள்.
- தடை வந்தால்: மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இயங்கும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் எழுத்து மூலம் முறையிடுங்கள்.

ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள்

ஒவ்வொரு மஹல்லாவிலும் கணினி தெரிந்த இரண்டு இளைஞர்களும், மாணவிகளுக்கு உதவ ஒரு சகோதரியும் இருந்தால் போதும். மே, ஜூன் மாதங்களில் மஃரிபுக்குப் பிறகு ஒரு மணி நேரம் பள்ளிவாசல் அலுவலகத்தில் அமர்ந்து ஆவணங்களைச் சரிபார்த்துக் கொடுக்கலாம். ஜும்ஆ அறிவிப்பில் கடைசித் தேதியைச் சொல்லலாம். தந்தையை இழந்த பிள்ளைகளின் வீடுகளுக்கு நாமே போய்க் கேட்கலாம். அவர்கள் வந்து கேட்கட்டும் என்று காத்திருந்தால் கடைசித் தேதி காத்திருக்காது.

இன்று இரவே வீட்டில் உள்ள ஆவணங்களை எடுத்து, பிள்ளையின் பெயர் எல்லாவற்றிலும் ஒன்றுபோல் இருக்கின்றதா என்று பாருங்கள். வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதைப் பெற ஹலாலான வழியையும் இலேசாக்கித் தருவானாக! ஆமீன்.