விழா நாளும் தவறிய நாவும்

திருநாள் என்பது பலர் ஒருங்கே கூடும் நாள். கூடுகின்றவர் தொகை பெருகப் பெருக, அவர்கள் முன் நேரும் பிழையின் உருவமும் பெருகுகின்றது. வீட்டுத் திண்ணையில் ஒருவர் பெயரை மாற்றிச் சொன்னால் அஃது அக்கணமே மறைந்துவிடும். மணப்பந்தலில் சொன்னால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். பண்டிகை இரவில் வானொலியிலோ தொலைக்காட்சியிலோ சொன்னால் வரலாற்றிலேயே ஏறிவிடும். அவ்வாறு ஏறிய சிலவற்றை ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றோம்.

இதனை எழுத நமக்கு ஓர் உரிமையும் உண்டு. இச்சங்கத்தின் ஆண்டு விழாவில் ஒலிபெருக்கியின் முன் நிற்கும் பணி பல்லாண்டுகளாக நம்முடையது. ஓராண்டு நன்றியுரையின்போது, முந்நூறு பேருக்கு விருந்து சமைத்தளித்த பெரியவரின் பெயருக்கு மாறாக, முந்திய ஆண்டு சமைத்தவரின் பெயரைச் சொல்லிவிட்டோம். அவர் பந்தியின் ஓரத்தில் கையில் கரண்டியுடன் நின்றுகொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். மறுநாட் காலை அவர் இல்லத்துக்குச் சென்றோம். காப்பி கொடுத்து உபசரித்தார். பெயரைப் பற்றி அவரும் பேசவில்லை. நமக்கும் பேச வாய் வரவில்லை. பிறர் செய்த ஒலிபரப்புப் பிழைகளைத் தேடிப் படிப்பது அன்று தொட்டு நமக்கு ஒருவகை ஆறுதலாயிற்று.

இங்கிலாந்திலிருந்து தொடங்குவோம். 1937-ஆம் ஆண்டு மே 12-ஆம் நாள் ஆறாம் ஜார்ஜ் மன்னர் முடிசூடினார். பி.பி.சி.யின் தொலைக்காட்சி தோன்றி ஆறு மாதமே ஆகியிருந்தது. அவ்விளங்குழந்தை ஊர்வலத்தை ஒருவாறு காட்டி நற்பெயர் பெற்றது. இழுக்கு வந்து சேர்ந்தது அனுபவம் முதிர்ந்த வானொலிக்கே. மே 20-ஆம் நாள் ஸ்பிட்ஹெட் கடற்பரப்பில் மன்னர் தம் கடற்படையைப் பார்வையிட்டார். இரவில் கப்பல்கள் யாவும் விளக்கொளியில் மின்னும் காட்சியை நாட்டுக்கு வருணிக்கும் பொறுப்பு, கடற்படையில் பணியாற்றி ஓய்வு பெற்ற தாமஸ் உட்ரோஃப் என்பாரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் பேச வேண்டிய இடமோ 'நெல்சன்' என்னும் போர்க்கப்பல். அஃது அவர் முன்பு பணி செய்த கப்பல். பழைய தோழர்கள் விடுவார்களா? மாலை முழுவதும் மதுக்கிண்ணங்களோடு வரவேற்பு நடந்தது.

ஒலிபரப்பு தொடங்கியதும், கடற்படை ஒளியேற்றப்பட்டிருக்கிறது என்பதனையே உட்ரோஃப் குழறிய குரலில் மீண்டும் மீண்டும் சொல்லலானார். ஆங்கிலத்தில் அத்தொடருக்குக் குடிமயக்கத்தில் இருத்தல் என்ற கொச்சைப் பொருளும் உண்டு. ஆகவே அவர் கப்பல்களைப் பற்றிச் சொன்னது அவருக்கே பொருந்திற்று. நிகழ்ச்சி முறைப்படி விளக்குகள் யாவும் ஒருங்கே அணைக்கப்பட்டபோது அவர் திகைத்துப் போனார். கடற்படை மறைந்துவிட்டது, போய்விட்டது என்று நாடு கேட்கப் புலம்பினார். சில நிமிடங்களில் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. அவரை ஒரு வாரம் பணியிலிருந்து நிறுத்தி வைத்தார்கள்.

ஒரு வாரந்தான் என்பதனை நாம் கருத வேண்டும். மறு ஆண்டு, 1938-இல், கால்பந்து இறுதிப் போட்டியை வருணிக்க அதே உட்ரோஃபையே அமர்த்தினார்கள். ஆட்டம் முடியச் சிறிது நேரமே இருக்கையில், இனி எவரேனும் கோல் போட்டால் தம் தொப்பியைத் தின்றுவிடுவதாக அவர் சூளுரைத்தார். கடைசி நிமிடத்தில் பிரெஸ்டன் அணி ஒரு கோல் போட்டுவிட்டது! மனிதர் சொல் தவறவில்லை. தொப்பி வடிவில் செய்த கேக்கு ஒன்றைத் தின்று தீர்த்தார். முந்திய ஆண்டு அவரால் நகைப்புக்கு இடமான மக்கள் இம்முறை அவரோடு சேர்ந்து நகைத்தார்கள்.

இங்கிலாந்தின் கிறிஸ்துமஸ் நாளில் அரச குடும்பத் தலைவர் வானொலியில் வாழ்த்துரைக்கும் வழக்கம் 1932-இல் தோன்றியது. அம்முதல் உரையை ஐந்தாம் ஜார்ஜுக்கு எழுதிக் கொடுத்தவர் நம் பம்பாயில் பிறந்த ரட்யார்ட் கிப்ளிங். இருபத்தைந்து ஆண்டு சென்றபின், 1957-இல், எலிசபெத் அரசியாரின் உரை முதன்முறையாகத் தொலைக்காட்சியில் நேரே ஒளிபரப்பாயிற்று. அப்போது ஒரு விந்தை நேர்ந்தது. அக்காலத்துப் பிரிட்டிஷ் தொலைக்காட்சி 40 மெகாஹெர்ட்ஸ் அளவிலான அலைவரிசைகளையும் பயன்படுத்தி வந்தது. அமெரிக்கக் காவல்துறையின் வானொலியும் ஏறத்தாழ அவ்வளவிலேயே இயங்கியது. சாதாரண நாளில் இரண்டுக்குமிடையே அட்லாண்டிக் பெருங்கடல் காவல் நிற்கும். ஆனால் 1957, கதிரவனின் மேற்பரப்பில் கரும்புள்ளிகள் மிகுதியாகத் தோன்றிய ஆண்டு. அவ்வாறான காலத்தில் வானின் மேலடுக்கு கண்ணாடி போலாகி, அந்த அலைகளையும் திருப்பி அனுப்பிவிடும். ஆகவே அரசியாரின் உரையினூடே, எங்கோ அமெரிக்கத் தெருவில் ரோந்து சுற்றும் காவலரின் பேச்சும் சிலர் வீட்டுப் பெட்டிகளில் ஒலித்தது. இதற்கு யாரைக் குறை கூறுவது? கதிரவனைத்தான் கூற வேண்டும்.

1960 முதல் அவ்வுரையை முன்னரே பதிவு செய்து வைக்கும் முறை வந்தது. நேர்முக ஒலிபரப்பின் இடர் அதனால் நீங்கிற்று. வேறோர் இடர் புகுந்தது. பெட்டியில் இருக்கும் பொருளைத்தானே களவாட முடியும்? 1992-ஆம் ஆண்டின் உரையை, கிறிஸ்துமசுக்கு இரண்டு நாள் முன்பே 'சன்' செய்தித்தாள் அச்சிட்டுவிட்டது. மக்கள் மூவர் மணவாழ்வும் முறிந்து, வின்ட்சர் மாளிகையும் தீப்பற்றிய ஆண்டு அது. அரசியார் பதிப்புரிமையின் பேரில் வழக்குத் தொடுத்தார். அத்தாள் வருத்தம் தெரிவித்து, அறச்செயலுக்கென 2,00,000 பவுன் செலுத்தியது. இதனை நாத்தவறுகளோடு சேர்த்து எண்ண நமக்கு மனமில்லை. தடுக்கி விழுவது வேறு. காலை இடறிவிடுவது வேறு.

அமெரிக்கர் தம் பிழைகளைக்கூடப் பெரிய அளவில் செய்பவர்கள். 1978 நவம்பர் 17-ஆம் நாள், நன்றி நவிலும் திருநாளை ஒட்டி, 'ஸ்டார் வார்ஸ்' திரைப்படத்தின் புகழை நம்பி சி.பி.எஸ். நிறுவனம் இரண்டு மணி நேர விழா நிகழ்ச்சி ஒன்றை ஒளிபரப்பியது. அதன் தொடக்கத்தில் உரோமம் அடர்ந்த கற்பனைக் குடும்பம் ஒன்று நெடுநேரம் தம் மொழியில் உறுமிக்கொண்டே இருந்தது. மொழிபெயர்ப்பு வரி ஒன்றுகூட இல்லை. வேற்று மாநிலத்தில் வந்திறங்கிய முதல் வாரத்தில் நாம் கடைத்தெருவில் நின்ற நிலை நினைவுக்கு வருகின்றது. அந்நிகழ்ச்சி அங்கே ஒரே முறைதான் ஒளிபரப்பாயிற்று. படைத்தவர்களே மறைக்க விரும்பிய அதனை, அன்றிரவு வீட்டில் நாடாவில் பதிந்து வைத்த சில பார்வையாளர்களே உலகுக்குக் காத்துக் கொடுத்தார்கள். திருநாளில் செய்த பிழையைப் புதைப்பது எளிதன்று.

இனிச் சீனத்துக்குச் செல்வோம். சந்திர நாட்காட்டியின்படி புத்தாண்டுக்கு முந்திய இரவில் குடும்பமே கூடியிருந்து உண்பது அந்நாட்டு மரபு. அவ்வேளையில் நேர்முகக் கலைவிழா ஒன்றினை மத்தியத் தொலைக்காட்சி 1983-இல் தொடங்கியது. இயக்குநர் ஹுவாங் யிஹே. சிறிய கூடம், மேசைகளைச் சுற்றி விருந்தினர், மக்கள் விரும்பிய பாடலைக் கேட்கச் சில தொலைபேசிகள். அத்தொலைபேசிகளில் திரும்பத் திரும்ப ஒரே பாடலைக் கேட்டார்கள். அது லி குயி என்னும் பாடகியார் பாடிய, ஊரை நினைந்து ஏங்கும் பாடல். அரசாங்கத்தாரால் இழிந்த சுவையுடையது என்று கண்டிக்கப்பட்டு ஒதுக்கப்பட்டிருந்தது. அங்கே அமர்ந்திருந்த அமைச்சர் முதலில் மறுத்து, பின்னர்த் தயங்கி, கடைசியில் இசைந்தார். ஊரைப் பிரிந்து வாழும் நம்மனோர்க்கு அப்பாடலின் வலிமை விளங்கும்.

அவ்வெற்றியே ஹுவாங்குக்கு வினையாயிற்று. 1984-இல் லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக் நிறைவு விழாவைக் கண்டு வியந்த அவர், 1985-ஆம் ஆண்டின் விழாவைச் சிறு கூடத்திலிருந்து பீக்கிங் நகரின் பெரிய விளையாட்டரங்குக்கு மாற்றினார். அவ்வளவு பரந்த இடத்தில் நிகழ்ச்சி நடத்தக் கருவிகள் போதவில்லை. இயக்குநரின் கட்டளை ஒளிப்பதிவாளருக்கு எட்டவில்லை, ஒளி மங்கிற்று, ஒரு நிகழ்ச்சிக்கும் அடுத்ததற்கும் இடையே மேடை வெறிச்சோடிக் கிடந்தது. குளிரோ கடுமை. விழா ஏறத்தாழ ஆறு மணி நேரம் இழுத்தது. வீடுகளில் உணவு ஆறியது, குழந்தைகள் உறங்கினர், பெரியவர்கள் கடிதம் எழுதக் காகிதம் தேடினர். கண்டனக் கடிதங்கள் மூட்டை மூட்டையாக வந்து குவிந்தன. மார்ச் 2-ஆம் நாள், நாடே பார்க்கும் இரவுச் செய்தியறிக்கையில், மத்தியத் தொலைக்காட்சி மக்களிடம் வருத்தம் தெரிவித்தது. மக்கள் அரசாங்கத்திடம் பிழை பொறுக்க வேண்டுவதே வழக்கமாயிருந்த நாட்டில், அரசாங்க நிறுவனம் மக்களிடம் வேண்டிக்கொண்டது. அதுவும் ஓர் ஆடல் பாடல் நிகழ்ச்சிக்காக! 1986-ஆம் ஆண்டின் விழாவையும் ஹுவாங்கிடமே அளித்தனர். அவர் மீண்டும் கூடத்துக்குள் வந்தார். விழா நன்கு நடந்தது.

நம் உள்ளத்தில் மிக ஆழமாகத் தைத்தது ஜப்பானில் நிகழ்ந்ததாகும். ஆண்டின் கடைசி இரவில் அந்நாட்டின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. நடத்தும் பாட்டுப் போட்டிக்குச் சிவப்பு வெள்ளைப் பாட்டுப்போர் என்று பெயர். பெண்கள் சிவப்பு அணி. ஆண்கள் வெள்ளை அணி. 1945-ஆம் ஆண்டின் இறுதி இரவிலேயே இதற்கு முன்னோடியான ஒரு வானொலி நிகழ்ச்சி நடந்தது. தோற்ற நாட்டுக்குப் 'போர்' என்ற சொல் ஆகாது என்று வென்ற படையினர் தடுத்தமையால், அப்போது அதற்குப் 'பந்தயம்' என்று பெயரிட்டார்கள். 'போர்' என்ற பெயருடன் 1951-இல் வானொலியில் தொடங்கி, 1953 டிசம்பர் 31 முதல் தொலைக்காட்சிக்கும் உரியதாயிற்று. 1963-இல் நூற்றுக்கு 81 வீடுகளுக்கு மேல் இதனைக் கண்டன என்பது கணக்கு. பாட்டுப்போர் இரவு 11 மணி 45 நிமிடத்தில் முடிந்தாக வேண்டும். உடனே கோயில் மணிகளின் ஓசையோடு அடுத்த நிகழ்ச்சி தொடங்கிவிடும். ஆதலின் அங்கே நிமிடம் ஒவ்வொன்றும் பொன்.

1984 டிசம்பர் 31. மியாக்கோ ஹருமி என்னும் புகழ் பெற்ற பாடகியார் அன்றோடு மேடையைத் துறந்து எளிய பெண்ணாக வாழப் போவதாக அறிவித்திருந்தார். சிவப்பு அணியின் கடைசிப் பாடல் அவருடையது. பாடி முடித்தார். அரங்கம் அடங்கவில்லை; மற்றுமொரு பாடல் வேண்டுமென்று கூவியது. வெள்ளை அணியின் தொகுப்பாளர் சுசுகி கென்ஜி முன்வந்து, தமக்கு ஒரு நிமிடம் கொடுக்குமாறு வேண்டினார். எதிரணிப் பாடகிக்காக அவர் கேட்ட நிமிடம் அது. அழுதுகொண்டே ஹருமி மீண்டும் பாடினார். நாட்டில் நூற்றுக்கு 78 வீடுகள் பார்த்துக்கொண்டிருந்தன.

பாடல் முடிந்தது. கைதட்டல் இன்னும் இன்னும் வேண்டும் என்று சொல்லி, அப்பாடகியின் பெயரை உரைக்க வேண்டிய கடமை பொதுத் தொகுப்பாளர் உபுகாத்தா கெயிச்சியினுடையது. அவர் வாயிலிருந்து வந்தது 'மிசோரா' என்ற பெயர்.

மிசோரா ஹிபாரி என்பவர் வேறொரு பாடகியார், ஹருமிக்கு மூத்தவர், ஜப்பானியப் பாட்டுலகின் அரசியென்றே போற்றப்பட்டவர். அதே மேடையில் பல்லாண்டுகள் சிவப்பு அணியின் கடைசிப் பாடலைப் பாடிவந்தவர். 1973-இல், அவருடைய தம்பியார் போக்கிரிக் கும்பலோடு கொண்டிருந்த தொடர்பு காரணமாக எழுந்த கூச்சலில், அவரையே அந்நிகழ்ச்சியிலிருந்து விலக்கிவிட்டார்கள். அதற்குப் பின்பு 1979-இல் ஒருமுறை சிறப்பு விருந்தினராக மட்டுமே வந்தார். மேடையை விட்டுப் பிரியும் பாடகிக்கு, மேடையை விட்டு நீக்கப்பட்டவரின் பெயர் சூட்டப்பட்டது! இரு பெயரும் 'மி' என்ற ஓரெழுத்தில் தொடங்குவன. கடைசிப் பாடல், அழுகை, கைதட்டல், ஓடுகின்ற கடிகாரம் இவையெல்லாம் நெருக்கும்போது, அந்த 'மி' பழகிய தடத்திலேயே நாவை இழுத்துச் சென்றிருக்கும் என்று எண்ணுகின்றோம். ஒலிபெருக்கியின் முன் நின்றவர்க்கு இஃது எளிதில் விளங்கும்.

இரண்டு ஆண்டு கழித்து, 1986-இல், நடிகர் கயாமா யூசோ இளைஞர் குழுவொன்றின் 'முகமூடி நடனம்' என்ற பாடலைச் சிறுவர் தொலைக்காட்சி வீரனாகிய 'முகமூடி ரைடர்' என்ற பெயரால் அறிவித்துவிட்டார். அதனை ஜப்பானியர் இன்றும் சொல்லிச் சிரிக்கின்றார்கள். 'மிசோரா'வைச் சொல்லி அவ்வாறு எளிதில் சிரிக்க முடிவதில்லை. முன்னதில் தவறியது ஒரு பாடலின் பெயர். பின்னதில் ஒரு பெண்மணியின் பிரிவுபசாரம்.

உபுகாத்தா அடுத்த ஆண்டே, 1985-இல், என்.எச்.கே.யை விட்டு விலகித் தனித்துத் தொழில் புரியலானார். மிசோரா ஹிபாரி 1989 ஜூன் 24-ஆம் நாள் காலமானார். ஹருமி தம் துறவைத் துறந்து 1990-இல் மீண்டும் பாட வந்துவிட்டார். அதன் பின்னும் அப்பாட்டுப்போரில் பாடினார். மூவரையும் ஒருங்கே பிணைத்தது, சொல்லக் கூடாத இடத்தில் சொல்லப்பட்ட மூன்றெழுத்துப் பெயரொன்றே.

இவ்வாண்டு விழாவிலும் விருந்து அப்பெரியவருடையதே. வயது எண்பதை நெருங்கினாலும் சாம்பாரைப் பிறர் கையில் விட அவர் இசைவதில்லை. நன்றியுரை நம்முடையது. அவர் பெயரைத் தனித் தாளில் பெரிய எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்திருக்கின்றோம்.